சுண்ணக்கட்டி யார் கையில்?

புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2025ஆம் ஆண்டில் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வை எழுதினார்கள். அதுவரை புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹேயில் கேரளத்தினுடையது, ஏனாமில் ஆந்திரத்தினுடையது என்றிருந்த நிலை அத்துடன் முடிவுக்கு வந்தது. இந்த மாற்றம் சரியா தவறா என்னும் விவாதம் சட்டப்பேரவை முதல் தேநீர்க் கடை வரை நடந்துவிட்டது. அதை மீண்டும் தொடங்குவது என் நோக்கமன்று. அந்த இரைச்சலில் கேட்காமற்போன சிறிய கேள்வி ஒன்றைப் பற்றியே எழுத விரும்புகிறேன். தொடக்க வகுப்புகளில் பிள்ளைகள் கரும்பலகையின் முன்னே விளையாடுகிறார்களே, அந்த விளையாட்டு பாடமா, பொழுதுபோக்கா?

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கடலூர்ச் சாலைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள பூரணாங்குப்பத்தில் வசிக்கிறேன். இங்கும் தவளக்குப்பத்திலும், சற்றுத் தள்ளி பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களிலும் பெற்றோர்கள் என்னிடம் சொல்லும் குறை ஒரே மாதிரியானது. "பள்ளிக்கூடத்துல ஒரே ஆட்டம் பாட்டுதான் சார், எழுத வைக்கிறதே இல்லை" என்பார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பிள்ளையைத் தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் பார்க்கலாம். அங்கே நான்கு வயதில் நான்கு கோடு போட்ட நோட்டில் பக்கம் பக்கமாக எழுத வைக்கிறார்கள். கட்டணம் கட்டுகிறவருக்கு அந்த நோட்டு ஒரு ரசீது போல.

பெற்றோரின் இந்தக் குறையை அறியாமை என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. பிரதம் நிறுவனத்தின் 'ஏசர்' ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2022இல் 20.5 விழுக்காடு, 2024இல் 27.1 விழுக்காடு. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இந்த எண்ணை வைத்துக்கொண்டு, 'கவலை வேண்டாம், குழந்தை மகிழ்ச்சியாக இருக்கிறது' என்று எந்தத் தாயிடமும் சொல்ல இயலாது. அதே வேளையில், 'விளையாட்டை நிறுத்துங்கள், எழுத்து தானாக வரும்' என்பதும் மெய்யன்று. நோட்டில் நிறைய எழுதியும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் என்னிடம் ஆண்டுதோறும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய கையெழுத்து அழகாகவே இருந்தது.

ஆகவே, விளையாட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. எந்த விளையாட்டு, அதில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பயிற்சி முகாம்களில் பெரும்பாலும் காட்டப்படும் பலகை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வகுப்பு இரண்டு அணியாகப் பிரிகிறது. ஆசிரியர் ஒரு கணக்கைச் சொல்கிறார். அணிக்கு ஒருவராக இருவர் ஓடிவந்து பலகையில் விடை எழுதுகிறார்கள். முந்தியவருக்கு மதிப்பெண். கைதட்டல், கூச்சல், சிரிப்பு. மேற்பார்வைக்கு வரும் அதிகாரிக்கு இதைவிட உயிரோட்டமான காட்சி இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிட வகுப்பு, முப்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. ஒருவர் எழுத மற்றவர் பார்க்கும் முறையில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடமும் சில நொடிகளும். மீதி முப்பத்தெட்டு நிமிடம் அது பார்வையாளர். அந்த ஒரு நிமிடமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அணி வெல்ல வேண்டுமே! அதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரே திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறார்கள். தடுமாறும் பிள்ளை ஒருமுறை போய், சுண்ணக்கட்டியைப் பிடித்துக்கொண்டு விழித்து நின்று, சொந்த அணியின் ஏளனத்தையே பெற்றுத் திரும்பியபின் மறுமுறை எழுந்திருப்பதில்லை. விளையாட்டு என்ற பெயரில் நாம் நடத்தியது ஒரு தேர்வு. அதுவும் எல்லோர் கண்முன்னே, விடைத்தாளை மறைக்க இடமில்லாத தேர்வு.

கரும்பலகையை ஐரோப்பியர் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு நம் திண்ணைப் பள்ளிகளில் எழுதும் இடம் தரையாக இருந்தது. பிள்ளைகள் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி மணல். ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். பிழையைக் கையால் ஒருமுறை தடவினால் போயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இதைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் மணலில் எழுதச் செய்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குக் கற்பிக்கும் நம் சட்டாம்பிள்ளை வழக்கத்தை ஒத்த ஏற்பாட்டையும் அதனுடன் சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பரவியது. திண்ணைப் பள்ளியை நான் பொற்காலமாக்க முயலவில்லை. அங்கே பிரம்பும் கோதண்டமும் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் இல்லை. ஆயினும் எழுதும் பரப்பு ஒவ்வொரு பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மணலுக்குப் பின் சிலேட்டு வந்தது. சிலேட்டின் சிறப்பை அது மறைந்தபின்தான் உணர்கிறோம். ஆசிரியர் கேள்வி கேட்டதும் முப்பது சிலேட்டுகள் ஒரே நேரத்தில் மேலே உயரும். யாருக்கு விடை தெரியும், யாருக்கு எங்கே சறுக்குகிறது என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். தவறாக எழுதிய பிள்ளையை வகுப்பு திரும்பிப் பார்ப்பதற்குள் அது எச்சில் தொட்டு அழித்துவிடும். (அந்த எச்சிலுக்காக நாங்கள் வாங்கிய அடிகள் வேறு கதை.) இன்று பிரிட்டன் பள்ளிகளில் மாணவருக்கு ஒன்றாகச் சிறு வெண்பலகைகளைக் கொடுத்து இதே போலத் தூக்கிக் காட்டச் செய்கிறார்கள், நம் ஆசிரியர்களும் அந்தக் காணொளிகளைப் பார்த்து, அதைப் புதிய உத்தியாகக் குறித்துக்கொள்கிறார்கள். நாம் சிலேட்டைக் கைவிட்டதற்குக் கற்பித்தல் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. வீட்டில் காட்ட அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை, நோட்டில் மிஞ்சுகிறது என்பதே காரணம்.

கரும்பலகைக்கு அரசு தனியாக ஒரு திட்டமே வகுத்ததுண்டு. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் தொடங்கிய 'கரும்பலகைத் திட்டம்' ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை, வரைபடங்கள், விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றை உறுதிசெய்ய முயன்றது. பலகை வந்தது. ஆனால் அது ஆசிரியரின் தோள் உயரத்தில் மாட்டப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் எழுத வேண்டுமானால் நாற்காலியின்மேல் ஏற வேண்டும்.

இந்த உயரத்தை மாற்றிய ஒரு முயற்சி நம் அண்டையிலேயே நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், அன்றைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று, செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறையே அதற்கு மூலம். 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. கடலூர், விழுப்புரம் மாவட்டப் பள்ளிகள் எங்கள் ஊர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், எல்லைக்கு அப்பால் நடந்ததை நாங்கள் அருகிலிருந்தே பார்த்தோம். பிள்ளைகள் தாங்களே வருகையைப் பதிவு செய்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள் தொங்கின. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது சுவரின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் அடித்திருந்த கறுப்பு வண்ணம்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் கட்டம் பிரித்துத் தனி இடம். உட்கார்ந்தபடியே எழுதலாம். வகுப்பில் ஒரு கரும்பலகை என்பது முப்பது கரும்பலகையாகியிருந்தது. திண்ணைப் பள்ளியின் மணல் சுவரில் ஏறியது போல் எனக்குத் தோன்றியது.

அந்த முயற்சி ஏன் தேய்ந்தது? ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று சொல்வது எளிது. உண்மையில் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. புதியவை வரத் தாமதமாயின. ஒரே ஆசிரியர் நான்கு வகுப்புப் பிள்ளைகளை ஏணியின் வெவ்வேறு படிகளில் ஏற்றிக்கொண்டே பதிவேடுகளையும் நிரப்ப வேண்டியிருந்தது. பெற்றோர் பாடநூலைக் கேட்டார்கள். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது முறையே எளிதாக்கப்பட்டது. பின்னர் கொரோனா பள்ளிகளை மூடியது. அதன் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில், புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிவைக்கப்பட்டது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் ஆட்டமும் கதையுமாகக் கற்பிக்கும் திட்டம். நல்ல நோக்கம். இருப்பினும் அதைப் பற்றி ஆசிரியர்களிடம் பேச்செடுத்தால், விளையாட்டைப் பற்றிச் சொல்வதைவிடச் செயலியில் மதிப்பெண் ஏற்றுவதைப் பற்றியே அதிகம் சொல்கிறார்கள். விளையாடும் பிள்ளையைப் பார்க்க வேண்டிய கண் கைப்பேசித் திரையில் இருந்தால், அந்த விளையாட்டிலிருந்து ஆசிரியர் அறிந்துகொள்வது என்ன?

இரவல் வாங்கும் விளையாட்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பலகை விளையாட்டுகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்திற்காக ஆனவை. அவற்றை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் நடக்காது. கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் சொற்சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை இயல்பாகச் சொல்லும் சொற்கள் கடல், மீன், நண்டு, வலை, மணல். ஒவ்வொன்றும் முட்டுச்சந்து. ல், ன், டு, லை ஆகியவற்றில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஏது? மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளைத் தொல்காப்பியர் வரையறுத்துவிட்டார். பிள்ளை விழிக்கும், 'தமிழ் கஷ்டம்' என்று முடிவு செய்யும்.

விதியைச் சற்று மாற்றினால் இதே விளையாட்டு பொன்னாகிவிடும். கடைசி எழுத்துக்குப் பதிலாகக் கடைசியாக ஒலிக்கும் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடல் என்பதில் கடைசி உயிர் அ, எனவே அலை. அலையில் ஐ, ஐந்து. ஐந்தில் உ; உப்பு. மீண்டும் உ, உறி. உறியில் இ, இறால். இறாலில் ஆ, ஆமை. சங்கிலி அறுவதே இல்லை. ஒவ்வொரு சொல்லிலும் பிள்ளை உயிர்மெய்யைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். 'ட் கூட்டல் அ' என்று மனப்பாடம் செய்ய மறுத்த நாவு, ஆட்டத்தில் தோற்கக் கூடாது என்பதற்காக அதைத் தானே செய்கிறது. தமிழ் வாசிப்பின் உயிர்நாடியே இந்தப் பிரித்தலும் சேர்த்தலும்தான். மூன்றாம் வகுப்பிலும் படிக்கத் தடுமாறும் பிள்ளை பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

மறைந்திருக்கும் சொல்லை எழுத்து எழுத்தாக ஊகிக்கும் விளையாட்டும் அப்படியே. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்குள் ஊகிக்க வேண்டும், தமிழில் 247க்குள். பத்து முறை தவறினால் ஆட்டம் முடிந்துவிடும் என்றால், எந்தப் பிள்ளையும் வெல்லாது. எனவே இரண்டு படியாக்க வேண்டும். முதலில் 18 மெய்களுள் ஒன்றைக் கேட்கட்டும். மெய் கிடைத்தபின் 12 உயிர்களுள் ஒன்றைக் கேட்கட்டும். 216 உயிர்மெய்யும் ஒரு பெருக்கல் அட்டவணை என்பது அப்போது பிள்ளைக்குப் புலப்படும். ஒவ்வொரு தவறுக்கும் தூக்குமரத்தில் ஒரு கோடு வரையும் வழக்கத்தை மட்டும் நான் வெறுக்கிறேன். பிழை செய்த பிள்ளையின் முன்னே தூக்கில் தொங்கும் மனிதனை வரைவதில் என்ன கல்வி இருக்கிறது? எங்கள் பகுதிக்குத் தூக்குமரம் வேண்டாம், கட்டுமரம் போதும். சரியான ஊகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகலாம். சொல் முடியும்போது மரம் கடலுக்குத் தயார்.

இவற்றைக் கரும்பலகையில் ஒருவர் எழுத, மற்றவர்கள் சிலேட்டில் தத்தம் ஊகத்தை எழுத வேண்டும் என்பது முக்கியம். அப்போது சுண்ணக்கட்டி முப்பது கைகளிலும் இருக்கும். அணி அணியாகப் போட்டி வைக்காமல், வகுப்பு முழுவதும் ஒரே அணியாகப் பலகையோடு மோதினால் தடுமாறும் பிள்ளைக்குத் துணை கிடைக்கும். அது சொந்த அணிக்குச் சுமையாகாது.

இப்போது கரும்பலகை இருந்த இடத்தில் திறன்பலகை ஏறிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகளிலும் திறன் வகுப்பறைகள் வந்துவிட்டன. புதுச்சேரியிலும் அதைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. நல்ல கருவி. திமிங்கிலம் எப்படி மூச்சு விடுகிறது என்பதைக் காட்ட என்னிடம் சுண்ணக்கட்டி மட்டுமே இருந்தது. இன்றைய ஆசிரியரிடம் காணொளி இருக்கிறது. ஆனால் விளையாட்டு என்று வரும்போது திறன்பலகை பழைய குறையை மேலும் பெரிதாக்குகிறது. ஒரே ஒரு பலகை; விலையுயர்ந்தது; உடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிள்ளைகள் தொட அனுமதி குறைவு. திரையில் பலூன் வெடிக்கிறது, இசை ஒலிக்கிறது, முப்பது பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பார்ப்பதை ஈடுபாடு என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். கல்வியில் தொழில்நுட்பம் குறித்து 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகளாவிய அறிக்கையும், கருவியை வாங்குவதைக் கற்றலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையையே விரிவாகப் பேசியது.

மேல் வகுப்புகளில் நிலைமை வேறு. விளையாட்டு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என்.சி.இ.ஆர்.டி. 2023இல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் கணித நூலுக்கு 'மகிழ்ச்சியான கணிதம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியது. 2024இல் மூன்றாம் வகுப்பு நூலுக்கு 'மேத்ஸ் மேளா' என்று திருவிழாப் பெயர். திருவிழா முடிந்து ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை சந்திப்பதோ வேற்றுமொழிப் பாடநூலும் பொதுத் தேர்வின் நிழலும். போதாக்குறைக்கு, 5, 8ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடமளித்து 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. பாடத்திட்டத்தில் தில்லியைப் பின்பற்றும் எங்கள் பகுதிப் பெற்றோருக்கு அந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது. தனிப்பயிற்சிக்கு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் பெரிய வகுப்புக்குத்தான் பலகை விளையாட்டு மிகவும் தேவை. ஒன்று முதல் நூறு வரை ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, 'பெரியதா, சிறியதா' என்ற கேள்விகளுக்கு மட்டும் ஆசிரியர் விடை சொல்கிறார். பலகையில் ஓர் எண்கோடு. விலக்கப்பட்ட பகுதியைப் பிள்ளைகள் வந்து அடித்துக்கொண்டே போகிறார்கள். தொடக்கத்தில் '37ஆ, 82ஆ' என்று கண்ணை மூடிக்கொண்டு எறிவார்கள். சில ஆட்டங்களுக்குப் பின் யாரேனும் ஒரு பிள்ளை '50ஐவிடப் பெரியதா?' என்று கேட்கும். ஒவ்வொரு கேள்வியிலும் பாதியை வெட்டினால் ஏழு கேள்விக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும் என்பதை வகுப்பே கண்டுபிடிக்கும். ஏன் ஏழு, ஆயிரம் வரை என்றால் எத்தனை என்று அவர்கள் கேட்கத் தொடங்கும்போது அடுக்குக்குறி பாடம் பாதி முடிந்துவிட்டது. கணினி தகவலைத் தேடும் அடிப்படையும் இதுவே. சி.பி.எஸ்.இ. வினாத்தாள்கள் இப்போது மனப்பாடத்தைவிடத் திறன் அறியும் வினாக்களுக்கு இடம் கூட்டி வருகின்றன. அவ்வினாக்களுக்குத் தனிப்பயிற்சி மையத்தின் வழிகாட்டி நூல் தரும் பயிற்சியைவிட இந்த எண்கோடு தரும் பயிற்சி உறுதியானது என்பது என் எண்ணம்.

பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம் கொம்யூன்களின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருவதைக் குறையாகவே பேசுகிறோம். பள்ளிகளை இணைப்பது பற்றி யோசிக்கிறோம். பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு முழ அகலத்தில் கறுப்புக் கட்டம் கொடுக்கலாம். அறுபது பேர் இருக்கும் கட்டணப் பள்ளியால் அதைக் கொடுக்க முடியாது. கூட்டம் இல்லாத வகுப்பு என்பது அரசுப் பள்ளியின் கையிலிருக்கும் சலுகை. அதைப் பெற்றோருக்குக் கண்ணால் காணக் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து வரும் நேரத்தில், தாய் தந்தையரை வகுப்பறைக்கு அழைத்து, அவர்கள் கையிலும் ஒரு சிலேட்டைக் கொடுத்துச் சொற்சங்கிலி ஆடவிட்டால், விளையாட்டில் எழுத்து எங்கே இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதற்கெனப் புதிய திட்டமோ, பெயரோ, செயலியோ தேவையில்லை. கல்வித்துறை ஆசிரியருக்கு ஒரு பதிவேட்டைக் குறைத்து, அந்த நேரத்தை அவரிடமே விட்டால் போதும். சிலேட்டுகள் கடைத்தெருவில் இன்னும் கிடைக்கின்றன. ஒரு வகுப்பறையின் கீழ்ச்சுவரைத் தேய்த்துக் கறுப்பு வண்ணம் அடிப்பது, விடுமுறையில் இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் போக வேண்டாம்.